பழைய காரும் பத்துக் குதிரைகளும்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. நின்றது என்பதைவிட, இருமி இருமி ஓய்ந்தது என்று சொல்வதே பொருந்தும். அதிலிருந்து இறங்கியவன் முன்பு என்னிடம் இயற்பியல் படித்த மாணவன்.

"தாத்தா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சார். இதை ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கப் போகிறேன்" என்றான். அவன் கையில் ஒரு பட்டியல் இருந்தது. இரட்டைக் கார்புரேட்டர், ஓசை பெரிதாக வரும் சைலன்சர், அமுக்க விகிதத்தைக் கூட்ட சிலிண்டர் ஹெட்டைத் தேய்த்தல், அகலமான டயர் என்று நீண்டது அது. "எல்லாவற்றுக்கும் என்னிடம் பணம் இல்லை. எதை முதலில் செய்யலாம், சார்?" என்று கேட்டான்.

"பட்டியலில் இல்லாததை முதலில் செய், தம்பி" என்றேன். அவன் முகம் சற்றே வாடியது. நான் அப்படிச் சொன்னதற்குக் காரணங்கள் உண்டு. நாளை நீங்களும் ஒரு பழைய மொபெட்டையோ மோட்டார் சைக்கிளையோ வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்கக் கூடும் என்பதால், அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சில செய்திகள். பிரிட்டனில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற கார் வெளிவந்தது. அதன் உருவத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதே கார் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. நம் நாட்டுக் குடும்பங்களுக்கென்றே 1968-ல் நான்கு கதவுகள் கொண்ட வகையும் வந்தது. 1971-ல் ஹெரால்டின் தயாரிப்பு நின்றுவிட்டது. பிரிட்டனில் இதன் உடன்பிறப்பாக 1962-ல் பிறந்ததுதான் 'ஸ்பிட்ஃபயர்' என்ற புகழ் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே நம் மாணவனின் ஆசை ஆகாயத்தில் கட்டிய கோட்டை அல்ல. இரண்டும் ஒரே குடும்பம்தான்.

எஞ்சினுக்கு வருவோம். ஹெரால்டின் நான்கு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். பிரிட்டனில் 1959-ல் வந்த சாதாரண ஹெரால்டில் ஒரே கார்புரேட்டர். அதன் திறன் 34.5 குதிரைத் திறன். அதே அளவு எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்களைப் பொருத்தி வேறு சில மாறுதல்களையும் செய்து, 'கூப்பே' என்ற வகையில் 45 குதிரைத் திறன் பெற்றார்கள். ஆக, கிடைத்த லாபம் ஏறத்தாழப் பத்துக் குதிரைகள். சதவீதத்தில் சொன்னால் 30. கேட்கும்போது நாவில் நீர் ஊறுகிறது, அல்லவா?

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகமாக ஓடும் காரை எதிர்ப்பதில் பெரும்பங்கு காற்றுக்கு உண்டு. அந்த எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். எனவே திறன் 1.30 மடங்கானால், உச்ச வேகம் 1.30-ன் கனமூலமாகிய 1.09 மடங்குதான் ஆகும். அதாவது 30 சதவீதம் கூடுதல் திறனுக்கு 9 சதவீதம் கூடுதல் வேகம்! மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடக்கூடிய கார் 109 கிலோமீட்டர் ஓடும்.

கணக்கு இதோடு முடியவில்லை. காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். பிரேக் போட்ட பின் கார் ஓடி நிற்கும் தூரமும் அப்படியே. 1.09-ன் இருமடி 1.19. ஆகவே உச்ச வேகத்தில் நிறுத்தும் தூரம் 19 சதவீதம் கூடிவிடும். வேகத்தில் கிடைத்த ஆதாயத்தைப் போல் இரு மடங்கு, நிறுத்தும் தூரத்தில் நட்டம். பட்டியலில் இல்லாத முதல் பொருள் எதுவென்று இப்போது புரிந்திருக்கும். பிரேக்!

இதற்குச் சான்று அந்தக் காரின் குடும்பத்திலேயே இருக்கிறது. ஸ்பிட்ஃபயரை உருவாக்கியவர்கள், அதே எஞ்சின் இனத்தில் 1,147 கன சென்டிமீட்டர் அளவுள்ளதைப் பொருத்தி 63 குதிரைத் திறன் தந்தார்கள். கூடவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கொடுத்தார்கள். நம் மாணவனின் காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். டிரம்முக்குள் உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடு ஏறினால் பிடிப்புக் குறையும்.

எவ்வளவு சூடு? திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குச் சென்று திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஆட்களுடன் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அது இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 49 இலட்சம் ஜூல். 30 பாகை வெப்பத்தில் உள்ள 16 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். ஓட்டுபவர் தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பினால், மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

இன்னொரு குறையும் உண்டு. ஹெரால்டின் பின் அச்சு இரண்டு துண்டாக, நடுவில் கீல் வைத்தாற்போல் அமைந்தது. கரடுமுரடான சாலைக்கு இது சுகம்தான். ஆனால் வளைவில் வேகமாகச் சென்று, பயந்துபோய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடிந்துகொள்ளக் கூடும். ஸ்பிட்ஃபயரிலும் இதே அச்சுதான் இருந்தது. தயாரித்தவர்களே 1970-ல் அதன் பின் வில்லின் அமைப்பை மாற்றிக் குறையைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் பெறாத பழைய ஹெரால்டுக்குப் பத்துக் குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டுவது, அச்சாணியைப் பார்க்காமல் தேரை இழுப்பது போலத்தான்.

சரி, பிரேக்கையும் டயரையும் செப்பனிட்டாயிற்று. அடுத்து எஞ்சினா? ஆம். ஆனால் புதிய குதிரைகளைத் தேடுவதற்கு முன், ஓடிப்போன குதிரைகளைப் பிடித்துக் கட்ட வேண்டும். 34.5 குதிரைத் திறன் என்பது புது எஞ்சினுக்குச் சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த எஞ்சினில் அது அப்படியே இருக்குமா? பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும். வால்வுகள் சரியாக மூடாது. பிளக்கில் பொறி பிறக்கும் நேரம் பிசகியிருக்கும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காது என்பது போல, அமுக்கம் கசியும் சிலிண்டரில் எத்தனை கார்புரேட்டர் வைத்தாலும் திறன் நிற்காது.

ஹெட்டைத் தேய்ப்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 8 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 237-ஐ 7-ஆல் வகுத்தால் வரும் 33.9. விகிதத்தை 8.5 ஆக்க அந்த இடத்தை 31.6 ஆகக் குறைக்க வேண்டும், 2.3 கன சென்டிமீட்டர், அரைத் தேக்கரண்டி அளவுகூட இல்லை. இதனால் எஞ்சினின் வெப்பப் பயன் எவ்வளவு உயரும்? பாடநூலில் உள்ள ஆட்டோ சுழற்சியின் சூத்திரப்படி ஏறக்குறைய 2 சதவீதம்தான். வால்வுகளை உட்காரவைத்துத் தேய்த்து, அவற்றின் இடைவெளியையும் பொறி நேரத்தையும் சரிசெய்தால், தேய்ந்த எஞ்சினில் இதைவிட அதிகம் திரும்பக் கிடைக்கும், செலவும் குறைவு.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. எடையைக் குறைப்பது! மேட்டில் ஏறும்போது எஞ்சின் செய்யும் வேலையின் பெரும்பகுதி எடையைத் தூக்குவதுதான். 1,000 கிலோவில் 50 கிலோவை இறக்கினால் 5 சதவீதம் ஆதாயம். நான் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே செத்துப்போன ஒரு பாட்டரி, இரண்டு பழைய டயர்கள், தாத்தா காலத்து இரும்புச் சாமான்கள்! இருவருமே சிரித்துவிட்டோம்.

இந்த உண்மையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் கோவையைச் சேர்ந்த கரிவர்தன். மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்து, இலேசான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர் பெற்ற அந்தக் கார்களால் பந்தயம் பலருக்கும் எட்டும் செலவில் வந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

நம் ஊருக்கு ஏற்ற சிக்கனமான வழி இன்னொன்று, எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொடுப்பது. திருவண்ணாமலைக் கோடையில் வெளிக்காற்று 40 பாகை என்றால், பானெட்டுக்குள் 70 பாகை இருக்கலாம். சூடான காற்று விரிந்து இலேசாகும். கெல்வின் அளவில் 313-ஐ 343-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.91. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. திறன் அதே அளவு குறையாவிட்டாலும், குறைவது உறுதி. வெளிக்காற்றை வடிகட்டிக்குக் கொண்டுவர ஒரு குழாய் போதும்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் பணமும் ஆசையும் மிஞ்சினால், இரட்டைக் கார்புரேட்டரை நினைக்கலாம். அதையும் தனியாக வைத்துப் பயனில்லை. மூக்கைப் பெரிதாக்கி வாயை அடைத்தால் மூச்சு ஓடுமா? காற்று உள்ளே வரும் வழி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, புகை வெளியேறும் குழாய் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. வேறு எஞ்சின் பொருத்துவதாக இருந்தால் முன் அனுமதி தேவை.

அந்த ஓசைப் பெரிய சைலன்சரை மட்டும் நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஓசை வேறு, திறன் வேறு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் மக்கள் நடக்கும் ஊர் இது. அவர்கள் காதைக் கிழித்து வாங்கும் பெருமை நமக்கு வேண்டாம்.

"அப்படியானால் இளைஞர்களின் ஆர்வத்தை அடக்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ஆண்டுதோறும் பந்தயங்கள் நடந்தன. தங்கள் கைகளாலேயே எஞ்சினைச் செப்பனிட்டவர்கள் அங்கே ஓட்டினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயச் சாலையும் வந்துவிட்டது. வேகத்துக்கு இடம் அதுதான். போளூர் சாலை அல்ல.

"இவ்வளவு பாடுபடுவதற்குப் புதுக் கார் வாங்கலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. வேகம் மட்டும் போதுமென்றால் அவர்கள் சொல்வது சரி. இன்றைய சிறிய கார்களில் ஒரு லிட்டர் எஞ்சினே சுமார் 65 குதிரைத் திறன் தருகிறது. ஆனால் அதன் கணிப்பொறிக்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. பழைய எஞ்சினில் ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் அதன் விளைவு உடனே காதில் கேட்கும். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல இயற்பியல் ஆய்வுக்கூடம் வீட்டு வாசலில் கிடைக்காது. பழைய காரை வைத்துக்கொள்வதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இரண்டு மாதம் கழித்து அவன் மீண்டும் வந்தான். பிரேக், டயர், வால்வு, வடிகட்டிக்கு ஒரு குழாய், இவ்வளவுதான் செய்திருந்தான். ஜமுனாமரத்தூர் போய்வந்தானாம். ஏறியதைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னான். இறங்கியதைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். கார்புரேட்டர் பற்றிக் கேட்டேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம், சார்" என்றான்.

கார் இல்லாதவர்கள் இதைச் சைக்கிளில் சோதித்துப் பார்க்கலாம். வண்டி வராத ஒரு சிறு சரிவின் உச்சியிலிருந்து மிதிக்காமல் உருண்டு வாருங்கள். சமதளத்தில் எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டயருக்குச் சரியாகக் காற்றடித்து, அச்சுகளுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தில் உரசும் பிரேக் கட்டையைச் சரிசெய்து மீண்டும் அளந்து பாருங்கள். புதிதாக எதையும் வாங்காமலே எத்தனை மீட்டர் கூடியது?