பொதுமுடக்கத்தில் தனியாக வாழ்வோரும் ஒரு குடும்பமே

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாடகை அறைகளில் தனியாகத் தங்கி, அங்கிருந்தே அலுவலகப் பணி செய்வோருக்கு, இனி எந்தப் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டாலும் தனி விதிகள் வகுக்கப்பட வேண்டும் என்பது இவ்வறிக்கையை வெளியிடும் கூட்டமைப்பின் நிலைப்பாடு. முடக்கமே தேவையற்றது என்ற வாதத்தை இக்கூட்டமைப்பு ஏற்கவில்லை. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா தொற்று பரவி, காய்கறி மொத்த வணிகம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டதை அருகிலிருந்து பார்த்த வட்டாரம் இது.

குறை, விதிகள் எழுதப்பட்ட முறையில் இருந்தது. 'வீட்டிலேயே இருங்கள்' என்ற அறிவுரை, வீட்டில் இன்னொருவர் இருப்பார் என்ற எண்ணத்தில் பிறந்தது. 2020 ஜூனில் சென்னையிலும் அதையொட்டிய பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்த தீவிர முடக்கத்தின்போது, கடைகள் காலை 6 முதல் பிற்பகல் 2 மணி வரை மட்டுமே திறந்திருந்தன. குடும்பத்தில் ஒருவர் பணியில் இருக்க மற்றவர் பை எடுத்துச் செல்ல முடிந்தது. தனியாக இருப்பவருக்கோ கடை நேரத்தின் பெரும்பகுதி வேலை நேரமாகவே இருந்ததால், காணொலிக் கூட்டம் முடிந்து கேன் தண்ணீரை மாடிக்குத் தூக்கி வருவதற்கே பொழுது சரியாகிவிட்டது. மதிய உணவுக்கு நம்பியிருந்த மெஸ்ஸும் மூடியிருந்தது. நிவாரணத் தொகையும் அரிசி அட்டைக்கே வழங்கப்பட்டது; சொந்த ஊர் அட்டையில் பெயர் உள்ளவருக்கு இங்குள்ள அறையில் அதனால் பயனில்லை.

வீட்டிலிருந்து பணி செய்வதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இப்பகுதியின் வாடகை வீடுகள் பலவற்றில் சப்-மீட்டர், அதாவது உரிமையாளர் தம் இணைப்பிலிருந்து பிரித்துப் பொருத்தும் துணை அளவி, உள்ளது. அதில் யூனிட்டுக்கு உரிமையாளர் சொல்லும் விலையே விலை என்பதால், அரசு தரும் இலவச மின்சாரம் வாடகைதாரரை எட்டுவதில்லை. மொட்டை மாடி அறையில் அக்னி நட்சத்திர வெயிலில் பகல் முழுதும் மின்விசிறியும் கணினியும் ஓடிய கட்டணம், அலுவலகம் ஏற்றிருக்க வேண்டிய செலவு என்பதில் இக்கூட்டமைப்புக்கு ஐயமில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது, வாரக்கணக்கில் மனித முகம் பாராதிருந்தது. இங்கிலாந்தில் 2020 ஜூன் 13 முதல் தனியாக வாழும் பெரியவர்கள் வேறொரு குடும்பத்துடன் இணைந்துகொள்ள அனுமதிக்கப்பட்டனர்; 'ஆதரவு வட்டம்' எனத்தக்க அந்த ஏற்பாட்டின்படி, இரு வீட்டாரும் ஒரே வீட்டாராகக் கருதப்பட்டு, ஒருவர் வீட்டில் மற்றவர் இரவு தங்கவும் முடிந்தது. தொற்று பரவும் வழிகளைக் குறைத்துக்கொண்டே தனிமையையும் தணிக்கும் இவ்வழியைத் தமிழ்நாடும் ஏற்க வேண்டும்.

இத்தகைய விதிகளை நடைமுறைப்படுத்துவதில் எல்லைச் சிக்கலும் உண்டு. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-ஆம் மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லியின் நிர்வாகம் வேறு. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் பொருள் வாங்கித் தரத் தன்னார்வலர்களைச் சென்னை மாநகராட்சி 2020-இல் நியமித்தது போன்ற ஏற்பாடு, எல்லைக்கோட்டோடு நின்றுவிடாமல் மூன்று இடங்களுக்கும் பொதுவாக அமைய வேண்டும்.

அடுத்த முடக்கம் வரும்வரை காத்திராமல், வார்டு வாரியாகத் தனியாக வாழ்வோர் பட்டியலை, அவர்தம் ஒப்புதலோடு, உள்ளாட்சிகள் இப்போதே தயாரிக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் தம் மாடியில் குடியிருப்பவரின் ஊரிலுள்ள உறவினர் ஒருவரது தொலைபேசி எண்ணை இன்றே கேட்டுக் குறித்து வைக்குமாறு இக்கூட்டமைப்பு வேண்டுகிறது.