செலவழித்தவர் போய்விட்டார்

"முந்தைய உரிமையாளர் லட்சக்கணக்கில் செலவழித்துப் பூட்டியது, பழைய காரோடு சும்மா வருகிறது, கழற்றுவானேன்?" என்கிறார் நண்பர். சும்மாவா? தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்துவிட்டது. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இன்றைய உரிமையாளர்.

சட்டத்தை விடுங்கள். இது தூத்துக்குடி. டிக்கியில் துளையிட்டுப் பூட்டிய ஸ்பாய்லரைக் கழற்றிப் பாருங்கள்: போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் உப்பியிருக்கும், நகத்தால் சுரண்டினால் துரு பொடியாக உதிரும். உப்பளக் காற்றுக்கு ஒரு துளை போதும். தாழ்த்திய ஸ்பிரிங்கோடு துறைமுகச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போயிருக்கிறாரா நண்பர்?

கம்பெனி அளவிலேயே உள்ள அலாய் வீல் இருக்கட்டும், அழகுதான். ஆனால் பாக்கிப் பணத்தைக் கொடுக்குமுன், கழற்றிய கம்பெனி சைலன்சர் எங்கே என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.