படிவத்தில் இருந்த பிள்ளை

போன மாதம் ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்த அண்ணை ஒருவர் குரலைக் குறைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, குறை நினையாதையும். பிள்ளையின்ரை பேரிலை காசு எடுக்கிறீராம். நாளைக்கு அது அவனுக்கு ஒரு பதிவாய்க் கிடக்குமெல்லே?"

நல்ல மனுசன்தான். மண்டபத்தில் பாட்டுச் சத்தம், நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் மகனுக்கு இப்போது 15 வயது. ஓட்டிசம். அது பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் எப்போதோ பதிவாகிவிட்டது. காசு எடுத்ததால் வந்த வருத்தமில்லை அது, எடுக்காமல் விட்டால் போகப் போவதுமில்லை.

2016இல் அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோதுதான் டிசபிலிற்றி லிவிங் அலவன்ஸ் படிவத்தை முதன்முதலில் நிரப்பினேன். நாற்பது பக்கம். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை, கல்லாவுக்குப் பின்னால் இருந்து எழுதினேன். 'சாப்பிடும்போது கொஞ்சம் உதவி தேவை.' 'இரவில் பெரும்பாலும் நித்திரை கொள்வான்.' 'சந்தோசமான பிள்ளை.' ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அதிகாரியின் முன்னால் சட்டையைக் கழற்றி முதுகுத் தழும்பைக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இனி ஒருவனுக்கும் என் குறையைக் காட்டுவதில்லை என்று அன்றைக்கு நினைத்ததை என் பிள்ளையின் படிவத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுத்துக் கடிதம் வந்தது. அதே வயதுப் பிள்ளைகளைவிடக் கணிசமாகக் கூடிய கவனிப்பு இவனுக்குத் தேவையில்லையாம். வெள்ளைக்காரனின் துவேசம் என்று வீட்டில் கத்தினேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் படிவத்தின் பிரதியை எடுத்து வாசித்தா. பிறகு கேட்டா: "இந்தப் பிள்ளை ஆரப்பா?"

மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் தவணை. அதில் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினா. 1.40க்கு எழும்பினான், 4.10 மட்டும் முழிப்பு. தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டான். முன்கதவைத் திறந்து றோட்டுக்கு ஓடினான். பல் தீட்ட 35 நிமிடம், இரண்டு பேர். அந்தக் கொப்பியின் பிரதியும் ரீச்சரின் கடிதமும் போயின. கவனிப்புக்கான ஆகக்கூடிய படி கிடைத்தது. பிள்ளை மாறவில்லை, எழுதின ஆள்தான் மாறினது.

இந்தக் காசு பிச்சை இல்லை. 1992இல் இருந்து சட்டத்தில் இருக்கிறது. தாய் தகப்பன் எவ்வளவு உழைத்தாலும் கிடைக்கும், வரியும் கிடையாது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கும் உரிமை உண்டு. வழக்கு முடியாமல் காத்திருக்கிறவர்களுக்குத்தான் இல்லை. 2025-26இல் கவனிப்புக்கு ஆகக்கூடியது கிழமைக்கு 110.40 பவுண்ஸ், நடமாட்டத்துக்கு ஆகக்கூடியது 77.05. வருத்தத்துக்கு டொக்டர் பெயர் வைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பெயரை வைத்து அல்ல, பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் முடிவு. 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்று மாமியார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு வீட்டில் இருந்து ஒரு தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தா. புருசன் குளிக்கிற நேரம் பார்த்து எடுத்தாவாம். 'எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை' என்று அவர் படிவத்தைக் கிழித்துவிட்டார். பிள்ளைக்காக வேலையை விட்டவ அந்தத் தாய்தான், இரவிரவாக முழித்திருக்கிறதும் அவதான். பிள்ளைக்கு நடுத்தரப் படியோ அதற்கு மேலோ கிடைத்தால், கிழமைக்கு 35 மணித்தியாலம் பார்க்கிறவருக்குக் கெயறர்ஸ் அலவன்ஸும் கேட்கலாம், 2025-26இல் அது 83.30 பவுண்ஸ். அந்தாளின் மானத்துக்கு அவ கிழமைக்குக் கிழமை காசு கட்டுகிறா. அதே ஆள் மகளின் சாமத்தியவீட்டுக்குப் பல்லக்குப் பிடித்தவர். அந்த மேடைப் படம் ஒன்றில்கூட மகன் இல்லை.

எங்கடை ஆக்களில் களவாய்ப் பெனிபிற் எடுக்கிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பொல்லோடு போய் டொக்டரைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் கிரிக்கெட் விளையாடுகிறவரையும் கண்டிருக்கிறேன். அவருக்கு ஒரு வெட்கமும் கிடையாது. அவருக்கும் சேர்த்து நாங்கள்தான் வெட்கப்படுகிறோம். காசு வாங்கிக்கொண்டு போம் நிரப்பிக் கொடுக்கிற சிலர் இன்னொரு ரகம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வசனத்தை எழுதுவார்கள். அதை நம்பிக் கையெழுத்து வைக்காதேங்கோ. உங்கடை பிள்ளை எத்தனை தரம் எழும்பினது, எத்தனை நிமிடம் எடுத்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தமிழில் என்றாலும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கோ. மறுபரிசீலனையிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை.

16 வயதானதும் மகன் பெரியவர்களுக்கான பேர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமன்ற்றுக்கு மாறவேண்டும். திரும்பவும் படிவம், திரும்பவும் அதே கேள்விகள். மனைவி புதுக் கொப்பி வாங்கி வைத்துவிட்டா. பேனையை என்னிடம் தருவதில்லை என்றும் சொல்லிவிட்டா.