ராணுவத்தில் செவிலிய உதவியாளர், மருத்துவமனையில் வாயிற்காவலர்: தகுதி விதிகளில் நீடிக்கும் இடைவெளி

புதுடெல்லி: முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இயங்கி வருகின்றன. இசிஹெச்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. இதன் ஆள்சேர்ப்பு விளம்பரங்களில், செவிலிய உதவியாளர் பணிக்கு இரண்டு தகுதிகள் குறிப்பிடப்படுவது வழக்கம். ஒன்று, ஜிஎன்எம் எனப்படும் செவிலியர் பட்டயம். மற்றொன்று, முப்படைகளில் முடித்த முதல் வகுப்பு செவிலிய உதவியாளர் பயிற்சி. இரண்டில் எது இருந்தாலும், உரிய அனுபவத்துடன் விண்ணப்பிக்கலாம்.

அதே ராணுவச் சான்றிதழுடன் எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் அலுவலர் தேர்வுக்கு ஒருவர் விண்ணப்பிக்க இயலாது. பி.எஸ்சி. நர்சிங் பட்டம் அல்லது ஜிஎன்எம் பட்டயத்துடன் இரண்டாண்டு அனுபவம் அங்கு தேவைப்படுகிறது. செவிலியர் கவுன்சில் பதிவும் கட்டாயம். படைகளில் பெற்ற பயிற்சியை மட்டும் காட்டி அந்தப் பதிவைப் பெறுவது பொதுவாக இயலாத காரியம். இரண்டுமே மத்திய அரசின் நிதியில் இயங்கும் மருத்துவ அமைப்புகள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ராணுவ மருத்துவப் பிரிவில் செவிலிய உதவியாளராகச் சேர்வோர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர்கள். லக்னோவில் உள்ள அப்பிரிவின் மையத்தில் பயிற்சி பெற்று, ராணுவ மருத்துவமனைகளிலும் எல்லையோரப் படையணிகளிலும் பணியாற்றுகின்றனர். மருத்துவர் வந்து சேர இயலாத உயரமான காவல் சாவடிகளில் குருதிப்போக்கை நிறுத்துவதும், காயமடைந்தவரை ஹெலிகாப்டர் வரும்வரை உயிருடன் வைத்திருப்பதும் இவர்களது பொறுப்பு. அக்னிபத் திட்டம் அறிமுகமான பின்னரும் இப்பிரிவுக்கு வழக்கமான முறையிலேயே ஆள்சேர்ப்பு தொடர்கிறது. முன்னாள் படைவீரர் மறுவாழ்வு குறித்த அண்மைக்கால விவாதங்கள் அக்னிவீரர்களையே சுற்றி வருவதால், இவர்களின் நிலை பெரிதும் பேசப்படாமல் போயிற்று.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் முப்படைகளிலிருந்து ஓய்வு பெறுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியவர்கள். மருத்துவமனைகள் இவர்களை ஏற்கவில்லை என்று கூறிவிட முடியாது. மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலில் உள்ள பாதுகாப்பு முகமைகள் வழியாக அரசு மருத்துவமனைகளில் முன்னாள் படைவீரர்கள் காவலர்களாகப் பணியமர்த்தப்படுகின்றனர். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, மத்திய அரசு மருத்துவமனைகளில் பாதுகாவலர் எண்ணிக்கையை 25 சதவீதம் உயர்த்த மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி அளித்தது. வாயிலில் அவர்களுக்குத் தேவை கூடியது. வார்டுக்குள் செல்லும் வழி முன்பிருந்தபடியே உள்ளது.

இட ஒதுக்கீடும் இதற்குத் தீர்வாகவில்லை. மத்திய அரசின் 'சி' பிரிவு நேரடி நியமனங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத இடங்கள் உண்டு. படைப்பணிக் காலத்தைக் கழித்து, மேலும் மூன்று ஆண்டுகள் வயது வரம்புத் தளர்வும் தரப்படுகிறது. 15 ஆண்டுகள் பணிபுரிந்து, படைக் கல்விச் சான்றிதழும் பெற்ற மெட்ரிகுலேஷன் தேறியவரைப் பட்டதாரிக்கு நிகராகக் கருதவும் விதி இடமளிக்கிறது. ஆனால், தொழில்நுட்ப அல்லது தொழில்முறை அனுபவம் இன்றியமையாத பணிகளுக்கு இச்சலுகை பொருந்தாது. ஆகவே, பதினைந்து ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்த ஒருவரை எழுத்தர் பணிக்குப் பட்டதாரியாக ஏற்கும் அரசு, செவிலியர் பணிக்கு அவரைத் தகுதியற்றவராகக் காண்கிறது. விதியை வகுத்தோர் இந்த விளைவை விரும்பியிருக்க வாய்ப்பில்லை.

படைக்குள்ளேயே இதற்கு மாறான எடுத்துக்காட்டுகள் உள்ளன. 'சிப்பாய் பார்மா' பிரிவில் சேர்வோர் மருந்தியல் பட்டயம் அல்லது பட்டத்துடன் மாநில பார்மசி கவுன்சில் பதிவையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் அந்தப் பதிவு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ராணுவ செவிலியர் சேவையின் பெண் அதிகாரிகளும் முறையான நர்சிங் கல்வித் தகுதி உடையவர்கள். படைக்குள் சேர்ந்த பிறகே முழுப் பயிற்சியும் பெறுகின்ற செவிலிய உதவியாளர்தான் வெளியுலகில் செல்லாத சான்றிதழுடன் நிற்கிறார்.

அதற்காக ராணுவச் சான்றிதழை அப்படியே ஜிஎன்எம் பட்டயத்துக்கு இணையாக அறிவிப்பது முறையாகாது. மூன்றாண்டு ஜிஎன்எம் படிப்பில் மகப்பேறு, குழந்தைகள் நலம், சமூக சுகாதாரம் ஆகியவை முக்கியப் பாடங்கள். போர்க்களத்தை மையமாகக் கொண்ட பயிற்சி இவற்றுக்கு ஈடாகாது. நோயாளியின் பாதுகாப்பு கருதிச் செவிலியர் அமைப்புகள் ஆட்சேபம் தெரிவித்தால் அது நியாயமானதே. விடுபட்ட பாடங்களை மட்டும் கற்பிக்கும் இணைப்புப் படிப்பும் அதன் இறுதியில் தகுதித் தேர்வும் பொருத்தமான வழியாகத் தோன்றுகின்றன.

புதிதாக ஜிஎன்எம் படிக்கலாமே என்றால், அங்கும் தடை இருக்கிறது. இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த விதிகளில் சேர்க்கைக்கான உச்ச வயது 35. ஏஎன்எம், எல்ஹெச்வி எனப்படும் கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது. களத்தில் பணியாற்றியவர்களுக்கு விதிவிலக்கு தரும் முன்மாதிரி ஏற்கெனவே இருப்பதால், அதை ராணுவ செவிலிய உதவியாளர்களுக்கும் நீட்டிப்பதில் பெரும் சிக்கல் இருக்கக் காரணமில்லை.

பதிவு நடைமுறையால் அல்லலுறும் மற்றொரு தரப்பினர், செவிலியர்களாகப் பணிபுரியும் படைவீரர்களின் மனைவியர். கணவருக்கு இடமாறுதல் வரும்போதெல்லாம் புதிய மாநிலத்தின் கவுன்சிலில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. அரசுப் பணியில் உள்ள தம்பதியரை இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று 2009-இல் மத்திய பணியாளர் துறை அறிவுறுத்தியது. எனினும், தனித்தனி தன்னாட்சி நிறுவனங்களாக இயங்கும் மருத்துவமனைகளில் பணிபுரிவோருக்கு அந்த அறிவுறுத்தலால் பயன் மிகக் குறைவு. தனியார் மருத்துவமனைகளில் பணிபுரிவோர் பலரும் ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டுப் புதிய ஊரில் தொடக்கநிலை ஊதியத்திலிருந்து தொடங்குகின்றனர்.

1947-ஆம் ஆண்டின் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நிறைவேற்றப்பட்ட தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம், நாடு முழுமைக்குமான இணையவழிப் பதிவேட்டுக்கு வழிவகுக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் செவிலியர்களின் சிரமம் அதன்மூலம் குறையக்கூடும். செவிலிய உதவியாளர்களைப் பொறுத்தவரை, அவர்களது பாடத்திட்டத்தையும் பயிற்சி நேரத்தையும் மதிப்பீட்டுக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் முதலில் ஒப்படைக்க வேண்டும். எந்தெந்தப் பாடங்கள் எஞ்சியுள்ளன என்பதை அதன் பிறகே செவிலியர் கல்வி ஒழுங்காற்று அமைப்பு வரையறுக்க முடியும். அதுவரை இவர்களது பயிற்சிக்கு மதிப்பளிக்கும் பணியிடமாக இசிஹெச்எஸ் பாலிகிளினிக்குகளே எஞ்சுகின்றன. அங்கும் நியமனம் ஓராண்டு ஒப்பந்த அடிப்படையிலேயே அமைகிறது.