ஒரே அப்டேட்... 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கியது எப்படி? 'கெர்னல் கிராஷ்' எளிய விளக்கம்

2024 ஜூலை 19. உலகம் முழுக்க கம்ப்யூட்டர் திரைகள் நீலமாக மாறின. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு அப்டேட்தான் காரணம். முடங்கியவை சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் என்றது மைக்ரோசாஃப்ட்.

கெர்னல்னா என்ன?

விண்டோஸோ, ஆண்ட்ராய்டோ, எல்லாவற்றுக்கும் அடித்தளம் கெர்னல்தான். ஒரு ஆப் தப்பு செய்தால், அதை மட்டும் மூடிவிடும். கெர்னலுக்குள்ளேயே தப்பு நடந்தால், மொத்த கம்ப்யூட்டரும் நின்றுவிடும்.

அன்று என்ன பிழை?

கெர்னலுக்குள் இயங்கிய அந்த மென்பொருள் 21 தகவல்களை எதிர்பார்த்தது. வந்தது 20தான். இல்லாத 21-வதைத் தேடி, மெமரியில் எல்லை தாண்டிப் படித்தது. உடனே கிராஷ்!

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ?

இதுவும் எல்லை தாண்டும் பிழைதான். வேலை நடக்கும்போது குறிப்புகளை அடுக்கி வைக்க கெர்னலுக்கு உள்ள சின்ன இடம் ஸ்டாக். லினக்ஸில் 2014-ல்தான் இது 8 கேபியிலிருந்து 16 கேபி ஆனது. நிரம்பி வழிந்தால் பக்கத்து மெமரி கெடும். மேல் வயலில் வரப்பு உடைந்தால் கீழ் வயலில் பயிர் அழுகுமே, அதுபோலத்தான். கிராஷ் ஆகும் இடம் ஒன்று, தப்பு நடந்த இடம் வேறு. அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். 2016-ல் வந்த லினக்ஸ் 4.9-ல், ஸ்டாக்கை ஒட்டி ஒரு காலிப் பக்கத்தை விடும் வசதி வந்தது. வழிந்து அதைத் தொட்டாலே பிழை அங்கேயே சிக்கிவிடும்.

78 நிமிடம்... ஆனாலும்?

தவறான அப்டேட்டை கிரவுட்ஸ்ட்ரைக் 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. ஆனால் ஆன் ஆகவே முடியாத கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வழியாக தீர்வை எப்படி அனுப்புவது? பல இடங்களில் ஒருவர் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

நமக்கு என்ன?

நகரத்து அலுவலகத்தில் ஆள் உடனே வந்துவிடுவார். கல்வராயன் மலையில், வெள்ளிமலை போன்ற ஊரில், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் ஒரே கம்ப்யூட்டர் இப்படி நின்றால்? கள்ளக்குறிச்சியிலிருந்து ஆள் மலையேறி வரும்வரை காத்திருக்கணும்.

இதற்காகவே, ஆன் ஆகாத கம்ப்யூட்டரையும் தொலைவிலிருந்தே சரிசெய்யும் வசதியை 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பாதுகாப்பு மென்பொருட்களை கெர்னலுக்கு வெளியே இயக்கவும் வழி செய்து வருகிறது. அது நடந்தால், அடுத்த முறை ஆப் மட்டும் விழும். கம்ப்யூட்டர் நிற்காது.