வண்டிக் கடனும் நம் சங்கங்களும்

நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் உரிய இப்பத்திரிகையில் ஆட்டோவையும் லோடு வண்டியையும் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். விடை நம் வீடுகளிலேயே இருக்கிறது. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தந்தை தறியில் அமர்ந்திருக்க, மகன் வண்டி ஓட்டச் செல்லும் குடும்பங்கள் உள்ளன. முண்டு மிளகாய் பயிரிடும் கிராமங்களில் மூட்டைகளை எட்டிவயல் வளாகத்திற்கும் பரமக்குடிச் சந்தைக்கும் ஏற்றிச் செல்லும் சிறு லாரி, பல சமயம் நம் அங்கத்தினர் ஒருவரின் பிள்ளையுடையதாகவே இருக்கிறது. இராமேஸ்வரத்திலோ கேட்கவே வேண்டியதில்லை. யாத்திரிகர்களை நம்பி ஆட்டோவும் வேனும் ஓட்டிப் பிழைப்போர் அத்தீவில் ஏராளம்.

இவ்வண்டிகளுள் பெரும்பாலானவை கடனில் வாங்கப்பட்டவை. அக்கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்திடுவோர் தகப்பனார், தாய்மாமன், அடுத்த வீட்டுத் தறிக்காரர் ஆகியோரே. கடன்பட்டவருக்குள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். தவணை தவறினால் வண்டியை எடுத்துச் சென்று விற்றுவிட்டு, விற்ற தொகை போதாத மிச்சத்திற்கு ஜாமீன்தாரரின் வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே இது ஓட்டுநர்களின் தொல்லை மட்டுமன்று, நம்முடையதும் ஆகும்.

வண்டிகளின் விலை உயர்ந்த கதையை அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் வண்டி 2005 இல் வந்தபோது அதன் விலை சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய். 2025 ஜூனில் அக்கம்பெனி வெளியிட்ட ஏஸ் புரோ என்னும் வண்டியின் ஆரம்ப விலையே நான்கு லட்சத்தையொட்டியது. அதனினும் பெரிய வகைகள் அதற்கு மேல். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்ததும் விலை ஏறுவதற்கு ஒரு காரணம். விதி அவசியமானதே, ஆனால் அதன் செலவு வாங்குபவர் தலையில் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மூன்று சக்கர வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. புதிதாக வாங்குவோர்க்கு இது நன்மை. அதற்கு முன் பழைய விலையில் கடன் பட்டவருக்கோ தவணையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. புது வண்டி மலிந்தால் பழைய வண்டியின் மதிப்பும் இறங்குமல்லவா?

இதில் நாம் கவனியாது விடும் ஒன்றுண்டு. கம்பெனியார் முழு விலைக்கும் கடன் தருவதில்லை; முன்பணம் கட்ட வேண்டும். அம்முன்பணம் வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்தே பெரும்பாலும் வருகிறது. அதாவது வண்டி வீதிக்கு வரும் முன்பே கடன் ஒன்றன்று, இரண்டு. 2025 டிசம்பரில் சென்னையில் தங்கம் சவரன் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மூழ்கிப்போன நகையை இனி மீண்டும் செய்து போடுவது எத்தனை குடும்பங்களுக்கு இயலும்?

இனி வட்டிக்கு வருவோம். இரண்டு லட்சம் ரூபாய் கடன், நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, மூன்று ஆண்டு என்று சொன்னால் நம்மவர் தலையசைத்து விடுகின்றனர். அந்தப் பன்னிரண்டு எவ்வகைப்பட்டது என்று கேட்பவர் சிலரே. கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு வட்டி கணக்கிட்டால் மாதத் தவணை ரூ. 6,643, மூன்றாண்டில் வட்டி மொத்தம் ரூ. 39,000 சொச்சம். பிளாட் வட்டி என்று சொல்லி, முதல் நாள் அசலுக்கே மூன்றாண்டும் வட்டி போட்டால் தவணை ரூ. 7,556, வட்டி ரூ. 72,000. இரண்டிற்கும் பெயர் பன்னிரண்டே! பின்னதன் உண்மை விகிதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 21 சதவிகிதம். அசலில் பாதிக்கு மேல் அடைத்த பிறகும், அடைத்த பணத்திற்கும் சேர்த்தே வட்டி கொடுத்து வருகிறோம் என்பதைக் கடன்பட்டவர் அறிவதில்லை.

ஆயினும் விலையும் வட்டியும் மட்டுமே தவணை தவறுவதற்குக் காரணமென்று நாம் கருதவில்லை. இக்கடற்கரையில் வருமானம் வரும் முறை ஒன்று; தவணை கேட்கப்படும் முறை வேறொன்று. வேரில் இருக்கும் கோளாறு இதுவே.

இராமேஸ்வரத்து ஆட்டோக்காரருக்கு ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி, பள்ளி விடுமுறைக் காலம் ஆகியவையே அறுவடை நாட்கள். இடைப்பட்ட நாட்களில் அக்கினி தீர்த்தக் கரையில் சவாரிக்காகக் காத்திருப்பதே வேலை. மீன் ஏற்றும் வண்டிக்காரரின் நிலைமை இன்னும் கடினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன் வளம் பெருக அத்தடை வேண்டியதே. ஆனால் அவ்விரண்டு மாதத்திலும் ஐந்தாம் தேதியோ பத்தாம் தேதியோ தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. இலங்கைக் கடற்படையினர் மீனவர்களைச் சிறைப்பிடித்ததைக் கண்டித்து வேலை நிறுத்தம் நடந்தால் அந்நாட்களும் போயின. மிளகாய் ஏற்றுபவருக்கோ மாசி முதல் சித்திரை வரையே ஓட்டம்.

இவையாவது முன்கூட்டியே தெரிந்தவை. தெரியாமல் வருவனவும் இங்கே குறைவில்லை. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணல்மேல் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற வேன்கள் பல இருந்தன. அவ்வாண்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. ஊருக்கு நன்மை, அந்த வேன்காரரின் பிழைப்போ ஒரே நாளில் மாறிற்று. 2020 இல் நோய்த் தொற்றினால் கோவில் மூடப்பட்டது. கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அளித்த சலுகை 2020 ஆகஸ்டு 31 உடன் முடிந்தது; தமிழகத்துக் கோவில்கள் யாத்திரிகர்களுக்குத் திறந்தது மறுநாள் செப்டம்பர் 1. சவாரி ஒன்றும் ஏறுமுன்பே தவணைச் சலுகை இறங்கிப் போயிற்று! ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி நின்றபாடில்லை. வட்டிக்கு வட்டி கூடாதென்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் 2022 டிசம்பர் 23 அன்று பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை, இரண்டேகால் ஆண்டுக்கு மேல், இராமேஸ்வரம் நிலையத்திற்கு ரயிலே வரவில்லை. நிலைய வாசலையே நம்பியிருந்தவர் எவ்வாறு தவணை கட்டியிருப்பார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 2024 நவம்பர் 20 இல் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது வேறு கதை.

கடல் கடந்த செல்வ நாட்டிலும் இவ்வியாதி உண்டு. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் புதிய காரின் சராசரி விலை 50,000 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு நாணய மதிப்புக் குறைந்த கடன்தாரர்களுள் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் கார் தவணையில் அறுபது நாட்களுக்கு மேற்பட்ட பாக்கி வைத்திருந்தனர். முப்பதாண்டுகளில் காணாத அளவு இது என்றனர். ஆனால் அங்குள்ளவருக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று பெரும்பாலும் உண்டு. சம்பளக்காரருக்கென்று தைத்த சட்டையை மீன் வண்டிக்காரருக்கு மாட்டிவிட்டு, பொருந்தவில்லையே என்று அவரைக் குறை கூறுதல் நியாயமா?

கூட்டுறவாளர்களாகிய நமக்கு இவ்விஷயம் புதிதன்று. 1890களில் சென்னை அரசாங்கத்திற்கு அறிக்கை தந்த பிரடெரிக் நிக்கல்சன், குடியானவர் கடன்படும் விதத்தை ஆராய்ந்தே கூட்டுறவுக் கடன் சங்கங்களைச் சிபாரிசு செய்தார். 1904 இல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திரூரில் சங்கம் எழுந்தது. அன்று முதல் பயிர்க்கடன் கொடுக்கும் சங்கம் எதுவும், நாற்று நட்ட மறுமாதமே தவணை கொண்டுவா என்று விவசாயியைக் கேட்டதில்லை. அறுவடையான பின்பே கேட்கிறது. உரிய காலத்தில் செலுத்தியவருக்கு வட்டியும் இல்லை. நிலத்திற்கு அறுவடை உண்டு என்று ஒப்புக்கொண்ட நாம், வண்டிக்கும் அறுவடைக் காலம் உண்டு என்பதை ஏன் ஒப்புக்கொள்ளலாகாது?

கடன் தள்ளுபடி கேட்பதே நோக்கமோ என்று எவரும் ஐயுற வேண்டாம். 2021 இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ. 12,110 கோடி தள்ளுபடியாயிற்று. அதனால் பயனுற்றோர் பலர் நம் அங்கத்தினரே. அதைப் பழித்தல் நம் நோக்கமன்று. ஆயினும் சங்கப் பணம் என்பது தறிக்காரரும் விதவைகளும் சிறுகச் சிறுகப் போட்ட டிபாசிட் பணம். வண்டிக் கடனுக்குத் தள்ளுபடி என்ற பேச்சை எடுத்தால், ஒழுங்காகக் கட்டுபவரும் கைநிறுத்துவார். வேண்டியது தள்ளுபடியன்று, பொருத்தமான தவணை.

புதிய ஏற்பாடு வரும்வரை இருக்கும் பாதுகாப்பையேனும் நம்மவர் அறிந்திருத்தல் நலம். 2024 அக்டோபர் முதல் வங்கியும் பைனான்ஸ் கம்பெனியும் இத்தகைய புதுக் கடனுக்கெல்லாம் முக்கிய விவர அறிக்கை என்னும் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் கட்டணங்கள் யாவும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் குறிக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன பன்னிரண்டின் மாயம் அத்தாளில் வெளிப்பட்டு விடும். ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வருபவரிடம் அதை முதலில் காட்டச் சொல்ல வேண்டும். தவணை தவறியதற்கு விதிக்கும் அபராதத்தை அசலோடு கூட்டி அதற்கும் வட்டி போடுவது 2024 முதல் கூடாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் ஆட்கள் தொலைபேசியில் நெருக்கலாகாது. முரட்டு ஆட்களை ஏவி வண்டியைப் பிடுங்குவது முறையன்று என்று உச்ச நீதிமன்றம் 2007 லேயே கண்டித்திருக்கிறது. இவை ஏட்டிலிருந்து வீதிக்கு வருவது, கேட்பவர் வாய் திறப்பதைப் பொறுத்தது.

சங்கங்கள் செய்யக் கூடியது என்ன? அங்கத்தினர் குடும்பத்துக்கு வண்டிக் கடன் வழங்குகையில், குறையும் அசலுக்கே வட்டி கணக்கிட்டு, தொழிலுக்கேற்ற தவணை அட்டவணையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். மீன் வண்டியானால் தடைக்காலத்துத் தவணை இரண்டில் வட்டி மட்டும். எஞ்சிய பத்து மாதங்களில் சற்றுக் கூடுதலாக. மிளகாய் வண்டியானால் அறுவடை மாதங்களில் பெருந்தவணையும் பிற மாதங்களில் சிறு தவணையும். ஆட்டோவுக்கு யாத்திரிகர் வரும் மாதங்களைப் பார்த்து அவ்வாறே. அசல் சிறிது தாமதமாகக் குறைவதால் மொத்த வட்டி சற்றுக் கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.

இதற்கு ஆட்சேபம் எழும். வண்டி நிலத்தைப் போன்றதன்று, ஓட ஓடத் தேயும்; ஆகவே சங்கத்திற்கு ஈடு குறைந்துகொண்டே போகும் என்பர். உண்மையே. அதனாலேயே கடன் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது, ஆர்.சி. புத்தகத்தில் சங்கத்தின் பாத்தியதை பதிவாக வேண்டும். இன்ஷூரன்ஸ் ஒரு நாளும் அறுந்துவிடாமல் சங்கமே கவனிக்க வேண்டும். பருவத்தைச் சாக்கிட்டு எம்மாதமும் கட்டாமல் இருப்பார்களே என்ற அச்சமும் உண்டு. சலுகை மாதங்கள் முன்கூட்டியே அட்டவணையில் நிச்சயிக்கப்பட்டவையாதலால், விண்ணப்பமும் சிபாரிசும் அங்கே நுழைய வழியில்லை. தலைவரின் உறவினருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்ற வழக்கமான நோய்க்கும் இதுவே மருந்து. முன்பணத்திற்கு நகையை அடகு வைக்காமலிருக்க, வண்டி வாங்க எண்ணுவோர் ஓராண்டு முன்பே சங்கத்தில் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கச் செய்யலாம். மாதந்தோறும் அதைத் தவறாது கட்டுகிறாரா என்பதிலிருந்தே அவருடைய கை எத்தகையது என்று தெரிந்துவிடும்.

எல்லாச் சங்கத்தாலும் இது இயலாது. நெசவாளர் சங்கம் நூலுக்கும் கூலிக்கும் வைத்திருக்கும் நடைமுறை மூலதனத்தை வண்டியில் முடக்கலாகாது என்பது நம் திடமான கருத்து. சிக்கன நாணயச் சங்கங்களும், கடன் வழங்கும் கிராமச் சங்கங்களும், கூட்டுறவு நகர வங்கிகளுமே இதற்கு உரியவை. நெசவாளர் சங்கம் அங்கத்தினரை அவற்றோடு இணைத்து வைத்தாற் போதும். கடன் வழங்கும் சங்கத்தின் உபவிதிகளில் வண்டிக் கடனுக்கும் பருவத் தவணைக்கும் இடமிருக்கிறதா என்று செயலாளர் பார்க்க வேண்டும். இல்லையெனில் திருத்தம் தேவை. 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பேரவையில் நிறைவேறிப் பதிவாளரிடம் பதிவாக வேண்டும். ஏப்ரல் 15 இல் தடைக்காலம் தொடங்கும் முன் கடன் வாங்குவோருக்கு இது பயன்பட வேண்டுமானால், அத்தீர்மானத்தின் நகல் தை மாதத்திற்குள்ளாவது நிர்வாகக் குழுவின் மேசைக்கு வந்தாக வேண்டும்.