முகவரியற்ற செய்திகளும் மர்ஹூம் உமர்தம்பி விட்டுச் சென்ற தேனீயும்





ரமளான் பிறை தென்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நம் கைப்பேசிகளில் ஒரு செய்தி உலவத் தொடங்கிவிடுகிறது. ரமளானின் வருகையை முதலில் பிறருக்கு அறிவிப்பவருக்கு நரகம் ஹராமாகிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்களாம். இதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆயினும் ஆண்டிமடத்தில் புறப்படும் அச்செய்தி துபாய் சென்று, அங்கிருந்து மீண்டும் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. எழுதியவர் யார், எந்த நூலில் உள்ளது, யார் வழியாக வந்தது என எவரும் கேட்பதில்லை. அறிவிப்பாளர் தொடர் இல்லாத சொல்லை ஏற்க மறுத்த இமாம்களின் வழிவந்த சமுதாயம், அனுப்பியவர் மாமா என்பதற்காகவே ஒன்றை ஹதீஸாக ஏற்றுக்கொள்கிறது!

இதைக் கண்டு, "இணையம் என்றாலே ஃபித்னாதான்" என ஒதுங்குவோர் ஒருபுறம். "எல்லாம் கைக்குள் வந்துவிட்டது, பழங்கதை எதற்கு?" என்று கேட்கும் இளைஞர்கள் மறுபுறம். இரு சாராருமே தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தை அறியாமல் பேசுகின்றனர்.

1990களின் பிற்பகுதியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதைத் தரவிறக்கி நிறுவாவிட்டால் திரையில் தெரிவது வெறும் கிறுக்கல். ஒரு குறியாக்கத்தில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது. இச்சிக்கலை அவிழ்த்தவர்கள் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா, ஒரு குறியாக்கத் தமிழை மற்றொன்றாக மாற்றும் செயலியைத் தம் தளத்திலேயே வைத்தார். இ-கலப்பை என்னும் மென்பொருள் எவரும் கணினியில் எளிதாகத் தமிழ் தட்டெழுத வழி செய்தது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழர்களைக் கொண்டு பழைய நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வெளியிட்டது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இன்று உலகின் எந்த மூலையிலும் படிக்கக் கிடைப்பதற்கு அவர்களின் உழைப்பும் ஒரு காரணம். அவர்களுள் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நம்மவர் ஒருவரும் அவ்வணியில் இருந்தார். தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த மர்ஹூம் உமர்தம்பி அவர்கள். அக்காலத்துப் பழைய கணினிகள் பலவற்றில் ஒருங்குறித் தமிழ் சரிவரத் தெரியாது. அவர் உருவாக்கிய 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துரு, வாசகர் எதையும் நிறுவ வேண்டிய தேவையின்றி, பக்கத்தோடு தானே வந்து தமிழைக் காட்டியது. ஒருங்குறியில் எழுதவும் பிற எழுத்துருக்களிலிருந்து மாற்றவும் உதவும் கருவிகளையும் செய்து இலவசமாக வழங்கினார். 2006 ஜூலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டின் இணைய அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தமிழுலகம் அவரை நினைவுகூர்ந்தது. நம் மதரஸா மாணவர்களில் எத்தனை பேர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கின்றனர்? மனிதன் இறந்தபின்பும் தொடரும் நன்மைகளில் பயன்தரும் கல்வியும் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதற்கு நம் காலத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

அந்தப் பழைய தளங்களில் பிழைகளே இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் பக்கத்திற்கு ஒரு முகவரி இருந்தது. எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் இருந்தன. தவறைச் சுட்டினால் திருத்துவார். திருத்தியது அடுத்து வரும் அனைவருக்கும் சென்று சேரும். கைமாறிக் கைமாறி வரும் செய்தியில் அதற்கு வழியே இல்லை. ஆயிரம் கைப்பேசிகளுக்குச் சென்ற பொய்யைத் திரும்பப் பெறுவது யார்?

தொழுகை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். அக்கால நேரக்கணிப்புத் தளங்கள் முதலில் ஊரைக் கேட்டன. பிறகு அஸருக்கு நிழல் ஒரு மடங்கு என்னும் ஷாஃபிஈ கணக்கா, இரு மடங்கு என்னும் ஹனஃபி கணக்கா என்று கேட்டன. ஃபஜ்ருக்குச் சூரியன் அடிவானத்தின் கீழ் எத்தனை பாகை என்பதையும் காட்டின. இன்று நமக்கு வருவதோ ஊர்ப் பெயர் வெட்டப்பட்ட ஒரு படம். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. கோவைக்கு ஏறத்தாழ இரண்டரைப் பாகை கிழக்கே உள்ள ஆண்டிமடத்தில் ஃபஜ்ர் சுமார் 10 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். கோவையின் அட்டவணையை நம்பி இங்கே ஸஹர் உண்பவரின் நோன்பு என்னவாகும்? கேட்காத ஒரு கேள்விக்கு இவ்வளவு பெரிய விலை!

சகோதரர்களே, குறை கருவியில் இல்லை. அன்று வேகமற்ற தொலைபேசி இணைப்பில், மணிக்கணக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் நூல்களைக் கட்டியெழுப்பினார்கள். இன்று அதைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள கருவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் நாம், பிறர் எழுதியதைத் தள்ளிவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். இதை முன்னேற்றம் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நம் வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் மார்க்கச் சட்டங்களை விளக்கி எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே, ஒவ்வொரு மதரஸாவும் வாரம் ஒரு பக்கமாவது தமிழ் எழுத்தில் தட்டெழுதி, பெயரும் முகவரியும் இட்டு இணையத்தில் வைக்கட்டும். அதை ஒரே இடத்தில் மட்டும் வைத்துவிடவும் கூடாது. இலட்சக்கணக்கானோர் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது, நகல் எடுக்கப்படாதவை அழிந்தே போயின. ஒவ்வொரு பள்ளிவாசலும் தன் நேர அட்டவணையில் ஊரையும் கணக்கு முறையையும் அச்சிடட்டும். ஒவ்வொரு வீட்டிலும், மூலம் குறிப்பிடாத எந்த ஹதீஸும் அனுப்பப்படாது என்று தாய்மார்கள் விதி வகுக்கட்டும். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் இட்ட கட்டளை கைப்பேசிக்கும் பொருந்தும்.

வல்ல அல்லாஹ், மர்ஹூம் உமர்தம்பி அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! பொய்யைச் சுமந்து செல்லும் கைகளாக அல்லாமல், பயன்தரும் கல்வியை விட்டுச்செல்லும் கைகளாக நம் கைகளை ஆக்குவானாக! ஆமீன்.